விட்ட இடம் எங்கே? ஆன்லைன் வகுப்புக்கு நான்கு வழிகளை ஒப்பிட்டபோது

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையம். பெரும்பாலும் குரூப் 4 எழுதுகிறவர்கள்தான் வருகிறார்கள். அறுபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. சனி, ஞாயிறு நேர் வகுப்பு. வாரநாள் பாடங்களை ஆன்லைனில் கொடுத்துவிடலாம் என்று முடிவானதும், மையத்தை நடத்தும் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நான் அஸ்தம்பட்டியில் இணையதள வடிவமைப்பு வேலை செய்கிறேன். ஜவுளிக் கடை, ஓட்டல், கல்யாண மண்டபம் என்று எத்தனையோ பேருக்குத் திரைகள் வரைந்து கொடுத்திருக்கிறேன். ஒருவர் தினமும் திறந்து படிக்கப்போகிற திரையை வரைவது இதுதான் முதல் தடவை.

அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வாட்ஸ்அப் குரூப்பையே ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்வது ஒன்று. கூகுள் கிளாஸ்ரூம், மூடில் போல ஆன்லைன் பாடம் நடத்தவென்றே ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருளை எடுத்துக்கொள்வது இன்னொன்று. மையத்தின் பெயரில் சொந்த ஆப். அல்லது போனில் திறக்கிற எளிய இணையதளம், நெட் இல்லாத நேரத்திலும் ஓடுகிற மாதிரி. "நாலுல எது நல்லதுன்னு ஒண்ணே ஒண்ணைச் சொல்லிடுங்கம்மா, போதும்" என்றார்.

முதல் நாள் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். எந்த வழியில் என்னென்ன வசதி என்று பட்டியல் போட்டேன். வருகைப் பதிவு, வீடியோ, தேர்வு, தர வரிசை, அறிவிப்பு, சந்தேகம் கேட்கும் இடம். அந்தக் கணக்கில் சொந்த ஆப்தான் முதலில் வந்தது. அப்புறம் படிக்கிறவர்களைப் போய்ப் பார்த்தேன். அந்தப் பட்டியலை மறுபடி எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

படிக்கிறவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்

ஒரு மாணவி ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம். அப்பா அம்மா இருவருக்கும் காபி எஸ்டேட்டில் வேலை. வார இறுதி வகுப்புக்குச் சேலம் இறங்கி, மாலையில் மேலே ஏறுகிறாள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர்போல; அதில் இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் அவளுக்குக் கிடைக்கும் நேரம்தான் வாரத்திலேயே யாரும் தொந்தரவு செய்யாத நேரம். ஆனால் மலை ஏற ஏற சிக்னல் வரும், போகும். பழம் பறிக்கிற மாதங்களில் வீட்டிலும் அவளுக்கு வேலை இருக்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல்தான் போன் கைக்கு வரும். அதுவும் அப்பா பெயரில் இருக்கிற சிம், அப்பாவின் போன்.

சிவதாபுரத்தில் ஒருத்தர் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. கை வளையத்தைக் கோத்துக்கொண்டே இருக்கும், கண்ணும் அங்கேதான் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கிறது. அம்மாப்பேட்டையில் ஒரு தம்பி வீட்டில் தறி ஓடுகிறது. அங்கே காதுக்கு ஓய்வே கிடையாது, பாடத்தை ஒலியாகக் கொடுத்தால் ஒரு சொல் புரியாது. கண்ணால் படிக்கத்தான் அவனால் முடியும். இரும்பாலைப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகிற ஒருத்தருக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால், இரவு ஏழு மணிக்கு நேரலை என்றால் மூன்றில் ஒரு வாரம்தான் வர முடியும்.

நால்வரையும் பக்கத்தில் உட்காரவைத்து, இப்போது இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் பாடம் படிக்கச் சொன்னேன். நான் எதுவும் சொல்லித் தரவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நாகலூர்க்காரப் பெண் விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தாள். காலை வணக்கப் படங்கள், "நோட்டிபிகேஷன் எப்ப சார் வரும்", யாரோ அனுப்பிய நடப்பு நிகழ்வு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் கடந்து போயின. "நேத்து பாதியில விட்டேன்க்கா. அது எங்க இருக்குன்னு தேடி எடுக்கறதுக்குள்ள அஞ்சாறு வளைவு ஏறிடும்" என்றாள்.

எனக்கு அளவுகோல் அங்கே கிடைத்தது. போனைத் திறந்ததிலிருந்து, நேற்று விட்ட வரிக்கு வந்து சேர எத்தனை தடவை தொட வேண்டியிருக்கிறது? சிக்னல் இல்லாமலும் அங்கே வந்து சேர முடிகிறதா? இந்த இரண்டு கேள்வியை நான்கு வழிகளிடமும் கேட்டேன்.

வாட்ஸ்அப்: வாசல் நல்லது, வீடு சரியில்லை

வாட்ஸ்அப்பைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், சொல்லித் தர வேண்டாம். ஆசிரியர் இரவு பத்து மணிக்குப் படுக்கையில் சாய்ந்தபடி ஒரு குரல் பதிவு போட்டால் அறுபது பேருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கொலுசுப் பட்டறைக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. கணக்குப் பார்த்தால், நொடிக்கு 32 கிலோபிட் என்ற அளவில் பத்து நிமிடப் பேச்சு 2.4 எம்.பி.தான். சுமாரான தரத்தில் அதே பத்து நிமிடம் வீடியோவாகப் போனால், நொடிக்கு 500 கிலோபிட் என்று வைத்தாலும் 37 எம்.பி.யைத் தாண்டும். இன்று டேட்டாவின் விலை முன்பு போலப் பெரிய கவலை இல்லை. ஆனால் விட்டு விட்டு வருகிற சிக்னலில் 37 எம்.பி. இறங்குவதும் 2 எம்.பி. இறங்குவதும் ஒன்றல்ல.

சிக்கல் எங்கே என்றால், வாட்ஸ்அப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சில் கடைசியாக வந்ததுதான் முக்கியம். பாடத்தில் நான் எங்கே நிற்கிறேனோ அதுதான் முக்கியம். மூன்று நாள் வராத மாணவனுக்கு நூற்றைம்பது செய்தி காத்திருக்கிறது, அதில் எது பாடம், எது அரட்டை என்று அவனே பிரிக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை, ஒரே பாடம் மூன்று இடத்தில் கிடப்பது. விளக்கம் வீடியோவில், குறிப்பு பி.டி.எப்.பில், கேள்வி ஒரு கூகுள் படிவத்தில். ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980களில் சொன்ன அறிவுச் சுமைக் கோட்பாட்டில் இதற்கு நேரான விளக்கம் உண்டு. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும் விஷயங்களைத் தனித்தனி இடத்தில் வைத்தால், அவற்றை மனதில் ஒட்டவைக்கிற வேலையிலேயே படிக்கிறவரின் சக்தி போய்விடுகிறது. பாடத்துக்கென்று மிஞ்சுவது குறைவு. அம்மாப்பேட்டைத் தம்பி பி.டி.எப்.பில் ஆற்றின் பெயரைப் பார்த்துவிட்டுப் படிவத்துக்குத் தாவி, மறந்து, திரும்பி வந்து, மறுபடி தாவியதைப் பார்த்தபோது அந்தக் கோட்பாடு என் கண் முன்னால் நடந்தது.

பி.டி.எப். பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஏ4 தாளுக்காகச் செய்த பக்கத்தை ஆறு அங்குலத் திரையில் படிக்கக் கொடுப்பது, செய்தித்தாளைச் சாவித் துவாரம் வழியாகப் படிக்கச் சொல்வது மாதிரி. ஒவ்வொரு வரிக்கும் பெரிதாக்கி, வலப்பக்கம் இழுத்து, திரும்ப இடப்பக்கம் வர வேண்டும். பழைய குறிப்புகள் பல இன்னும் வானவில், பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றில் "கரிகாலன்" என்று தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். சமச்சீர்ப் புத்தகங்களை வரி விடாமல் படிக்க வேண்டிய தேர்வு இது. தேட முடியாத குறிப்பு பாதிக் குறிப்புதான்.

எப்படியும் வாட்ஸ்அப்பில்தான் நடத்த வேண்டும், வேறு எதற்கும் ஆளோ பணமோ இல்லை என்கிற மையங்கள் நிறைய உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன். குரூப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் நிர்வாகி மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று அமைப்பை மாற்றிவிடுங்கள். அதில் பாடம் தவிர எதுவும் வரக்கூடாது. பேச்சு, சந்தேகம் எல்லாம் இன்னொன்றில். ஒவ்வொரு பாடத்துக்கும் வரிசை எண் போடுங்கள். "தமிழ் 014" என்று தேடினால் நேரே வந்துவிடும். அந்த வாரப் பாடங்களின் வரிசையை ஒரே செய்தியாக எழுதி மேலே பின் செய்து வையுங்கள். முப்பது நாள் வரை அது அங்கேயே நிற்கும். இவ்வளவு செய்தாலே பாதித் தேடல் குறைந்துவிடும்.

ஆயத்தமாகக் கிடைப்பவை

கூகுள் கிளாஸ்ரூம் 2014இல் வந்தது. பள்ளிக் கணக்கு இல்லாத சாதாரண ஜிமெயில்காரர்களும் பயன்படுத்தலாம். எங்களுக்கு அது ஒரு வாரத்திலேயே கழன்றுகொண்டது. ஒரே போனில் அப்பாவின் ஜிமெயில் இருக்கிறது. மகளுக்குத் தனிக் கணக்கு சேர்த்தால் எது யாருடையது என்று குழப்பம். பல கேள்வி கொண்ட தேர்வு கூகுள் படிவத்தில்தான் போகும், படிவத்துக்கு நெட் வேண்டும். நல்ல சிக்னல், ஆளுக்கொரு போன் என்று இருக்கிற இடத்துக்கு அது போதுமானது.

மூடில் அப்படி எளிதாக ஒதுக்கக்கூடியதில்லை. ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கியது, முதல் பதிப்பு 2002இல் வந்தது. மென்பொருள் இலவசம், மூல நிரலும் திறந்தது. உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் அதில்தான் பாடம் நடத்துகின்றன. அதன் கேள்வி வங்கி மாதிரி ஒன்றை நான் ஆயுசுக்கும் கட்ட முடியாது. தலைப்பு வாரியாகக் கேள்விகளைப் போட்டுவைத்துவிட்டு, "இலக்கணத்தில் பத்து, திருக்குறளில் ஐந்து" என்று சொன்னால் ஆளுக்கொரு தாளாகக் கலக்கிக் கொடுத்துவிடும். அதன் போன் ஆப்பில் பாடத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் அனுமதித்தால் தேர்வைக்கூட நெட் இல்லாமல் எழுதி, பிறகு அனுப்பலாம். மலைக்கு இது பெரிய விஷயம்.

ஒரு சோதனைத் தளம் போட்டு நால்வரிடமும் கொடுத்தேன். உள்ளே நுழைந்ததும் டாஷ்போர்டு, காலண்டர், என் பாடங்கள், காலவரிசை, அறிவிப்புகள் என்று பல கதவுகள். எந்தக் கதவைத் திறப்பது என்று தெரியாமல் நால்வரில் மூன்று பேர் காலண்டருக்குள் போய் மாட்டிக்கொண்டார்கள். தேவையில்லாத கட்டங்களை எடுத்துவிட முடியும். நான் எடுத்தும் பார்த்தேன். ஆனால் இலவச மென்பொருள் என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. சர்வர் வாடகை, பதிப்பு மாற்றம், பேக்கப், பாதுகாப்பு ஓட்டை அடைப்பது எல்லாவற்றையும் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அறுபது பேருக்கு ஒரே தேர்வு என்றால் அந்தப் பாரம் அதிகம். நாளைக்கே குரூப் 2, காவலர் தேர்வு, மூன்று ஆசிரியர்கள், ஐந்து பேட்ச் என்று வளர்ந்தால் என் பதில் மாறும். அன்றைக்கு மூடில்தான்.

சொந்த ஆப்

மையத்தின் சின்னத்தோடு பிளே ஸ்டோரில் ஒரு ஆப் இருந்தால் கௌரவம்தான், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஆசிரியருக்கு அதில் ஏற்கெனவே சூடு பட்டிருக்கிறது. முந்தைய வருடம் ஒரு நிறுவனம் செய்து கொடுத்த ஆப்பில், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஓ.டி.பி. கேட்டது. சிம் அப்பாவுடையது, சில வீடுகளில் பாடம் படிக்கிற போன் ஒன்று, அந்த சிம் கிடக்கிற பட்டன் போன் வேறொன்று. ஓ.டி.பி. எஸ்டேட்டுக்குப் போய்விடும், பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும். திறந்தாலும் முதலில் நகர்கிற விளம்பரப் படங்கள், அப்புறம் வேறு பாடங்களை வாங்கச் சொல்லும் அட்டைகள், அதற்கும் கீழேதான் "என் வகுப்பு". ஒரு கேள்வியில் விடை தப்பாக இருந்ததைத் திருத்த நான்கு நாள் ஆனதாம்.

அது ஒரு நிறுவனத்தின் தவறு, எல்லா ஆப்பும் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆப்புக்கென்றே உள்ள சுமை உண்டு. பிளே ஸ்டோரில் பதிவு செய்ய ஒரு தடவை 25 டாலர் கட்டினால் போதும், அது பெரிய தொகை இல்லை. ஆனால் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப ஆப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். விட்டுவிட்டால் புதிய போன்களில் கிடைக்காமல் போகும். செய்து கொடுத்தவர் போனை எடுக்காவிட்டால் கதை முடிந்தது. அதைவிட, இடம் நிறைந்துபோன போனில் எதை முதலில் அழிப்பார்கள்? குடும்பப் படங்களை யாரும் அழிக்க மாட்டார்கள்.

எளிய இணையதளம்: இங்கேதான் அதிக நேரம் செலவழித்தேன்

பெரிய வித்தை எதுவும் இல்லை. சாதாரண இணையப் பக்கம். ஒரு தடவை திறந்தால், சர்வீஸ் ஒர்க்கர் என்ற சின்ன நிரல் அந்தப் பக்கங்களைப் போனிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை சிக்னல் இல்லாவிட்டாலும் அங்கிருந்தே திறக்கும். முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் ஆப் மாதிரியே ஒரு சின்னம் வந்துவிடும். ஆயிரம் சொல் கொண்ட தமிழ்ப் பாடம் ஒன்று, ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் என்று கணக்குப் போட்டாலும், முப்பது கே.பி. அளவில்தான் வரும். ஒரு வாரப் பாடம் முழுக்க எழுத்தாக இருந்தால் ஒரே ஒரு குரல் பதிவைவிடச் சிறியது. கீழே சேலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே எல்லாம் இறங்கி முடிந்திருக்கும்.

முதல் திரையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு நானும் ஆசிரியரும் இரண்டு நாள் பேசினோம். அவருக்கு மையத்தின் பெயர், படம், போன வருடம் வேலைக்குப் போனவர்களின் புகைப்படங்கள் வேண்டும். நான் எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டேன். மேலே ஒரே ஒரு பெரிய பொத்தான்: "தொடர்: தமிழ் 14, பத்தி 6". தொட்டால் நேற்று விட்ட பத்தியில் போய் நிற்கும். அதன் கீழே இன்றைய பத்துக் கேள்வி. அதற்கும் கீழே பாட வரிசை. அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் பதினொரு தொடுதலுக்கு மேல் எடுத்த வேலை, இங்கே இரண்டு தொடுதலில் முடிந்தது. ஒன்று சின்னத்தைத் தொடுவது, இன்னொன்று "தொடர்".

லாகினுக்கு ஓ.டி.பி. கிடையாது. மையம் கொடுக்கிற நான்கு இலக்க எண் மட்டும். அண்ணனும் தங்கையும் ஒரே போனில் படித்தால் எண்ணை மாற்றிக்கொள்வார்கள். நான்கு இலக்கத்தை யாராவது ஊகித்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். ஊகிக்கலாம்தான். உள்ளே இருப்பது பயிற்சி மதிப்பெண் மட்டுமே. போன் நம்பர், முகவரி எதையும் நான் அங்கே வைக்கவில்லை. பணம் கட்டும் வசதியைச் சேர்ப்பதாக இருந்தால் இந்த எண் கண்டிப்பாகப் போதாது.

ஆசிரியருக்கும் ஒரு திரை உண்டு, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். படிக்கிறவர் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பாடம் ஏற்றுவது கஷ்டமாக இருந்தால் மூன்றாவது வாரத்தில் பாடம் வருவது நின்றுவிடும். இவருக்குக் கூகுள் ஷீட் கைப்பழக்கம். அதிலேயே கேள்வி, விடை, விளக்கம் என்று வரிசையாக எழுதுகிறார், தளம் அதைப் படித்துக்கொள்கிறது. தப்பு இருந்தால் அந்தக் கட்டத்தை மாற்றினால் போதும்.

குறைகளும் சொல்ல வேண்டும். போனில் இடம் நிறைந்தால் பிரவுசர் தான் சேர்த்து வைத்ததைத் தானே அழித்துவிடக்கூடும். ஆகவே விட்ட இடத்தையும் மதிப்பெண்ணையும் நெட் கிடைக்கும்போதெல்லாம் சர்வருக்கும் அனுப்பி வைக்கிறேன். அறிவிப்பு அனுப்புவதில் இது வாட்ஸ்அப்புக்குப் பக்கத்தில் வராது. பாடத்தை யாராவது நகலெடுப்பதைத் தடுக்கவும் முடியாது; ஆசிரியருக்கு அதில் மனக்குறை உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இதைக் கட்டியது நான். நான் ஊரைவிட்டுப் போனால் யார் பார்ப்பது? அதற்காகத்தான் கூடுமானவரை சாதாரண எச்.டி.எம்.எல். பக்கங்களாகவே வைத்தேன். ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் ஒரு வாரத்தில் புரிந்துகொள்ளலாம். அந்த நிலையிலிருந்து சிக்கலாக்க மாட்டேன் என்று ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தமிழ் எழுத்துக்கு வேண்டிய இடம்

நான்கு வழியில் எதை எடுத்தாலும் இது பொருந்தும். ஆங்கிலத்துக்கு வரைந்த திரையில் தமிழைப் போட்டால் மூச்சு முட்டும். "ணூ", "றூ", "ஞ்ஞூ" எல்லாம் சின்ன அளவில் கறுப்புப் புள்ளியாகிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு 14 பிக்சல் போதும் என்றால் தமிழுக்கு 17, 18 வேண்டும் என்பது என் அனுபவம். ஒரு வரியின் உயரத்தை எழுத்தின் அளவைப்போல 1.6, 1.7 மடங்காக வைத்தால் மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் இடித்துக்கொள்ளாது. பொத்தானில் "சமர்ப்பிக்கவும்" என்று எழுதினால் இரண்டு வரியாக உடைகிறது. "அனுப்பு" என்று எழுதினால் ஒரு மூலையில் அடங்கிவிடும், புரிவதும் சீக்கிரம்.

நிறத்தில் இன்னொரு பொதுவான தவறு வெளிர் சாம்பல் எழுத்து. கணினித் திரையில் நாகரிகமாகத் தெரியும். மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் வெற்றுத் திரைதான். இணைய அணுகல் வழிகாட்டு நெறிகள் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற மாறுபாடாவது வேண்டும் என்கின்றன. பலரும் விரும்பிப் போடுகிற வெளிர் சாம்பல் வெள்ளைப் பின்னணியில் 3ஐக்கூடத் தொடுவதில்லை. கறுப்பு எழுத்தைக் கறுப்பாகவே வைத்துவிட்டேன். தொடும் இடங்கள் எல்லாம் ஆண்ட்ராய்டு வடிவமைப்பு நெறி சொல்கிற 48 அலகுக்குக் குறையாமல். வளைவில் பஸ் சாயும்போது பக்கத்துப் பொத்தானில் விரல் விழக்கூடாது.

கேள்வித் திரை

குரூப் 4இல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் முதல் பகுதி தமிழ், 100 கேள்விக்கு 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். விடைத்தாளில் ஏ, பி, சி, டி என்ற நான்கோடு ஐந்தாவதாக "விடை தெரியவில்லை" என்ற இ வட்டமும் உண்டு. தெரியாததை வெறுமனே விடக்கூடாது, இ வட்டத்தை நிரப்ப வேண்டும். நான் பார்த்த பயிற்சித் திரைகளில் நான்கு விடைதான் இருந்தது, அடுத்த கேள்விக்குத் தாண்டிப் போகவும் விட்டது. அப்படிப் பழகினவர் தேர்வுக் கூடத்தில் தடுமாறுவார். எங்கள் திரையில் ஐந்து வட்டமும் இருக்கிறது. ஒன்றைத் தொடாமல் அடுத்த கேள்வி வராது.

பாடம் முடிந்ததும் கேள்வி என்று முதலில் வைத்திருந்தோம். பிறகு மூன்று பத்திக்கு ஒரு கேள்வி என்று மாற்றினேன். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் அதிகம் நிற்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் காட்டினார்கள். அதைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் புத்தகத்தை மூடச் சொல்லி ஒப்பிக்க வைத்தபோது செய்தார்கள் என்று தோன்றுகிறது. வீடியோவை ஆறு நிமிடத்துக்குள் நறுக்கச் சொல்பவர்களும் உண்டு. ஆன்லைன் பாடங்கள் தரும் எட்எக்ஸ் தளத்தின் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றிலிருந்து வந்த அளவு அது. எவ்வளவு நேரம் விலகாமல் பார்த்தார்கள் என்பதைத்தான் அந்த ஆய்வு அளந்தது, எவ்வளவு கற்றார்கள் என்பதை இல்லை. இருந்தாலும் சிறு துண்டு எங்களுக்கு வேறு காரணத்தால் ஒத்துவருகிறது. பாதியில் அறுந்தாலும் இழப்பு குறைவு.

ஐந்து பேர், ஒரு மத்தியானம்

ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல் தெரிந்துவிடும், அது 85 விழுக்காடு அளவுக்குப் போகும் என்று திரைகளின் பயன்பாட்டை ஆராயும் யாக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். அது ஒரு சராசரிக் கணக்கு, வேதவாக்கு அல்ல. ஆனாலும் பழைய நால்வரோடு இன்னொருவரைச் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன்.

மேகத்திலிருந்து அம்பு இறங்குகிற படம் போட்டிருந்தேன், பாடத்தைப் போனில் எடுத்துக்கொள்ள. ஐந்து பேரில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. "மழை வருதுன்னு நினைச்சேன்க்கா" என்றான் அம்மாப்பேட்டைத் தம்பி. "பதிவிறக்கு" என்று எழுதிப் பார்த்தேன், இரண்டு பேர் தயங்கினார்கள். "டவுன்லோடு" என்று எழுதினேன், ஐந்து பேரும் தொட்டார்கள். தூய சொல்லில் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் ஒருவரைத் தயங்க வைக்கிற சொல் அங்கே வேண்டாம். இப்போது பஸ் ஸ்டாண்டில் ஒருதடவை தொட்டால் அந்த வாரப் பாடம் முழுக்க இறங்குகிறது. "7 பாடம் போனில் இருக்கிறது" என்று கீழே ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

கடைசியில் நான் சொன்னது

ஆசிரியர் ஒன்றே ஒன்றைக் கேட்டார்; நான் ஒன்றரை சொன்னேன். பாடமும் தினசரிக் கேள்வியும் எளிய இணையதளத்தில். வாட்ஸ்அப் மணி அடிக்க மட்டும்: "இன்று தமிழ் 15 வந்திருக்கிறது" என்று ஒரு வரி, ஒரு இணைப்பு, கொலுசுப் பட்டறைக்காக ஒரு குரல் பதிவு. சனிக்கிழமைத் தேர்வு தாளில்தான், வட்டத்தைப் பேனாவால் நிரப்பித்தான். கை பழக வேண்டும். ஆப் வேண்டாம். மூடிலின் கேள்வி வங்கிக்கு ஏற்ற வடிவத்தில் ஷீட்டை இப்போதே எழுதிவைக்கிறோம். வளர்ந்தால் அங்கே மாற்றிக்கொள்வது எளிது.

நீங்கள் வேறு ஊரில், வேறு பாடத்துக்கு இதே முடிவை எடுப்பதாக இருந்தால் என் விடையை அப்படியே எடுக்க வேண்டாம். எல்லோர் வீட்டிலும் வைஃபை, ஆளுக்கொரு போன் என்றால் கிளாஸ்ரூமே போதும். செய்முறை காட்ட வேண்டிய தையல், சமையல் வகுப்பு என்றால் வீடியோ இல்லாமல் முடியாது, என் முப்பது கே.பி. கணக்கு அங்கே செல்லாது. உங்கள் மாணவர்கள் நான்கு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நேற்று விட்ட பாடத்தை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால், எந்த வழி வேண்டும் என்பது அரை மணியில் தெரிந்துவிடும்.

எங்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சிவதாபுரத்துக்காரர் குரல் பதிவைப் பாதி கேட்டு நிறுத்தினால், ராத்திரி எழுத்தில் அதே இடத்திலிருந்து தொடர வேண்டும் என்கிறார். ஒலியையும் எழுத்தையும் பத்தி பத்தியாக ஒன்றோடொன்று கட்ட வேண்டும். தமிழ்ப் பகுதியின் முதல் இருபது பாடத்துக்கு அதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஆசிரியர் பத்தி முடியும் இடத்தில் இரண்டு நொடி நிறுத்திப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறார்.